எட்டாவது கட்டம்

மே 20, திங்கள்

கோமதி மேடத்தின் கட்டளை: "கள ஆய்வுக் குறிப்பு வேற, உன் மனசுல படுறது வேற. ரெண்டையும் கலக்காத, ஆக்னஸ். மனசுல படுறதுக்குத் தனியா ஒரு நோட்டு வச்சுக்கோ." மேடம் என் ஆராய்ச்சி வழிகாட்டி. சொன்னால் செய்தாக வேண்டும். அதனால் இந்த நோட்டு. அட்டையில் மயில் படம். கடையில் வேறு இல்லை.

இன்று உறையூரில் பன்னிரண்டாவது வீடு. அதோடு வீடுகள் முடிந்தன. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்காக எங்கள் லேபில் செய்திருக்கும் பேசும் பலகையைப் பொருத்திவிட்டு வந்தேன். பலகை என்றால் ஒரு டேப்லெட்தான். திரையில் எட்டுக் கட்டம், எட்டுப் படம்: தண்ணி, சாப்பாடு, பாத்ரூம், வலி, ஃபேன், டிவி, சரி, வேண்டாம். கட்டத்தைத் தொட்டால் அந்த வார்த்தையைச் சொல்லும். எந்தக் கட்டத்தை எத்தனை மணிக்குத் தொட்டார்கள் என்று பதிவும் செய்துகொள்ளும்.

வீட்டுக்காரர் பெயர் பக்கிரிசாமி. வயது அறுபத்துமூன்று. டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜனவரியில் வலது பக்கம் செயலிழந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் நன்றாகப் புரிகிறது. திருப்பிச் சொல்லத்தான் முடியவில்லை. வலது கையில் இரண்டு விரல் மட்டும் இப்போது லேசாக அசைகின்றன. அதை எனக்கு ஆட்டிக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை!

பலகையை அவருடைய இடது பக்கம், கட்டிலோடு சேர்த்து மாட்டினேன். 'தண்ணி' கட்டத்தைத் தொட்டார். குரல் லேப் வாசல் செக்யூரிட்டி மாணிக்கவாசகம் அண்ணனுடையது. முதலில் ஒரு மாணவனை வைத்துப் பதிவு செய்திருந்தோம். ஆறாவது வீட்டில் ஒரு அம்மா, "எம் புருசன் வாயில பேரப்புள்ள பேசுற மாதிரி இருக்கு" என்றார். அன்றே மாற்றிவிட்டோம். பயனரைக் கேட்டு வடிவமைப்பது என்றால் இதுதான் என்று மேடம் வகுப்பில் கூடச் சொன்னார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று அவர் மனைவி செண்பகம் அம்மா விடவில்லை. கணவருக்கும் பக்கத்திலேயே தட்டு வைத்தார். ரசம் ஊற்ற ஊற்ற அவர் கரண்டியால் தட்டில் ஒரு தட்டு தட்டினார். ஊற்றுவது நின்றது. சோறு வைக்கும்போது இரண்டு தட்டு. மேலும் விழுந்தது.

"பாத்தியா கண்ணு, கண்டக்டர் புத்தி இன்னும் போகல. ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா போ. முப்பத்தோரு வருசம் ஊதுனவரு" என்றார் அம்மா. அவர் சிரித்தார். வாயின் இடது பாதி மட்டும் சிரித்தது.

மே 24, வெள்ளி

துணி துவைத்தேன். கேஸ் புக் செய்தேன். உறையூர்ப் பதிவுகள் இணையம் வழியே ஒழுங்காக வருகின்றன.

மே 29, புதன்

செண்பகம் அம்மா போன் செய்தார். குரலில் சலிப்பு.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு கண்ணு. அந்த 'வேண்டாம்'தான் பெரிய ரோதனையா இருக்கு. எதுக்கெடுத்தாலும் அத அமுக்குறாரு. மருந்து குடுக்கப் போனா வேண்டாம். பிசியோ தம்பி வந்தா வேண்டாம். அந்தத் தம்பி கையப் புடிச்சுத் தூக்கி எவ்வளவு பொறுமையாப் பயிற்சி குடுக்குது தெரியுமா? இவரு சின்னப் புள்ள மாதிரி அமுக்கிக்கிட்டே இருக்காரு. எனக்கு மானமே போகுது."

"வலிக்குதான்னு கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன். வலின்னும் அமுக்குனாரு. வலி இருந்தாத்தான் நல்லது, நரம்புக்கு உயிர் வருதுன்னு அர்த்தம்னு பிசியோ தம்பி சொல்லிட்டாரே."

குறித்துக்கொண்டேன்: துணைவர் புகார், எட்டாவது கட்டம், தேவையற்ற அழுத்தங்கள். மற்ற வீடுகளிலும் இதே புகார் இருக்கிறது. ஒரு மருமகள், "எங்க மாமா இதுக்கு முன்னாடி எங்கள வேண்டாம்னு சொன்னதே இல்ல" என்றாள்.

ஜூன் 5, புதன்

உறையூர் போனேன். மூன்று மணிக்கு பிசியோ வந்திருந்தார். தினகர் என்று பெயர். சின்ன வயது, நல்ல பேச்சு. திங்கள், புதன், வெள்ளி வருகிறாராம். செண்பகம் அம்மா அவருக்கு டீ போட அடுப்படிக்குப் போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். சார்ஜரை அங்கேயே மறந்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

ஜூன் 7, வெள்ளி

லேபில் இரண்டு மணி நேரக் கூட்டம். எங்கள் பிழை விகிதம் நூற்றுக்கு இருபத்திரண்டு. ஜூலைத் தொடக்கத்தில் ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப வேண்டும். இதை எடுத்துக்கொண்டு போனால் சிரிப்பார்கள்.

பிழையை நாங்கள் எண்ணுவது இப்படி: பலகை ஒன்று சொல்லும். வீட்டில் பார்த்துக்கொள்பவர் அவருக்கு உண்மையில் என்ன தேவைப்பட்டது என்று வாராவாரம் எங்கள் தாளில் குறிப்பார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பதிவில் அந்த வரிக்கு எதிரே 'பிழை' என்று எழுதுவோம், அதாவது கை தவறிப் பட்டது. பேச முடியாதவரிடம் வேறு எப்படிச் சரிபார்ப்பது?

பிழைகளில் முக்கால்வாசி எட்டாவது கட்டத்தில்தான். திரையின் ஓரத்தில் இருப்பதால் கை நடுங்கும்போது படுகிறது என்று நான் விளக்கினேன். மேடம் என்னைப் பார்த்தார். "நீ நேர்ல போய்ப் பாத்தியா? நடுக்கம்தானா?"

"ஆமா மேடம். நடுக்கம்தான்."

"அப்ப எடுத்துடலாம்."

காலியான கட்டத்தில் 'நன்றி' என்று வைக்கலாம் என்பது என் யோசனை. பார்த்துக்கொள்பவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது.

ஜூன் 10, திங்கள்

லேபில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டு வீட்டுப் பலகையிலும் மாற்றினேன். நாலு நிமிட வேலை.

ஜூன் 21, வெள்ளி

பிழை விகிதம் ஆறு. ஆறே ஆறு! மேடம் எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். என் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்ப சீக்கிரம் படிப்ப முடிச்சிருவியா, பாதர்கிட்ட கல்யாண ஓலை எழுதச் சொல்லட்டுமா?" என்றாள். என் அம்மாவுக்கு எல்லாச் சாலையும் கல்யாண மண்டபத்துக்குத்தான் போகும்.

செண்பகம் அம்மாவும் பேசினார். "இப்ப ரொம்ப நிம்மதியா இருக்கு கண்ணு. ஆனா இப்ப புதுசா பாத்ரூம்னு ஆரம்பிச்சிருக்காரு. பிசியோ தம்பி வர்ற நேரம் பாத்துத்தான் அமுக்குவாரு. தாங்கிக் கூட்டிட்டுப் போனா ஒண்ணும் வராது. சும்மா சுவரப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

"மூணு மணிக்கு முன்னாடி தண்ணி அதிகம் குடுக்குறீங்களோ? கொஞ்சம் குறைச்சுப் பாருங்கம்மா."

"ஆங், அதுவும் சரிதான்."

ஜூலை 1, திங்கள்

மாநாட்டுக்குக் கட்டுரையை அனுப்பிவிட்டோம். என் பெயர் முதலில், மேடம் பெயர் அடுத்து.

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து போன் தன்னைப் புதுப்பிக்கச் சொல்லி உயிரை வாங்குகிறது. 'இப்போதே', 'பிறகு' என்று இரண்டே பொத்தான். வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை. எவன்டா இதை வடிவமைத்தது என்று திட்டிவிட்டுப் 'பிறகு' என்பதைத் தொட்டேன்.

உறையூர் வீட்டில் 'நன்றி' இதுவரை ஒரு தடவைகூடத் தொடப்படவில்லை. மற்ற வீடுகளில் அவ்வப்போது தொடுகிறார்கள். கண்டக்டருக்குத் திமிர்தான் போலிருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

செண்பகம் அம்மா அழுதுகொண்டே கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பக்கிரிசாமி ஐயாவின் வலது தோள் வீங்கியிருந்தது. எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். மூட்டு இறங்கியிருக்கிறது, உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது.

"வாதம் வந்த கைய யாராவது தலைக்கு மேல தூக்கி இழுத்தாங்களா?"

"பயிற்சி குடுத்தாங்க டாக்டர்" என்றார் அம்மா.

"இது பயிற்சியா? தோளைத் தாங்குற தசைக்கே பலம் இல்லாதப்ப இப்படி இழுக்கவே கூடாது. ஒரு நாள் ரெண்டு நாள்ல இவ்வளவு ஆகாது. வாரக்கணக்கா நடந்திருக்கு. அவருக்கு உயிர் போற மாதிரி வலிச்சிருக்குமே. யார்கிட்டயும் சொல்லவே இல்லையா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நானும்.

மே மாதம் அசைந்த இரண்டு விரலும் இப்போது அசையவில்லை. திரும்ப வருமா என்று கேட்டேன். டாக்டர் படத்தைக் கழற்றி உறையில் போட்டார்.

ஐயா என்னைப் பார்க்கவில்லை. முழுநேரமும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 16, செவ்வாய்

காலையில் முதல் ஆளாக லேபுக்குப் போய் உறையூரின் மூலப் பதிவுகளைத் திறந்தேன். இதுவரை நான் பார்த்ததெல்லாம் மொத்தக் கணக்குதான். மணி வாரியாகப் பார்த்ததே இல்லை. பார்த்திருக்க வேண்டும்.

மே 20 முதல் ஜூன் 10 வரை 'வேண்டாம்' எழுபத்துநாலு தடவை. அதில் அறுபத்தொன்று திங்கள், புதன், வெள்ளி மாலை மூன்றிலிருந்து மூன்று நாற்பதுக்குள். கை தவறிப் பட்டால் இப்படி நாள் பார்த்தா படும், கிழமை பார்த்தா படும்?

இன்னும் ஒன்று. ஒரு நொடிக்குள் இரண்டு முறை தொட்டால் அது நடுக்கம் என்று ஒன்றாக எண்ணும்படி நான்தான் மென்பொருளில் எழுதியிருந்தேன். அந்த வடிகட்டியை நீக்கிவிட்டுப் பார்த்தேன். 'சரி' என்ற கட்டத்தை அவர் எப்போதுமே இரண்டு முறை தொட்டிருக்கிறார். 'வேண்டாம்' என்பதை எப்போதுமே ஒரே முறை. எழுபத்துநாலும் ஒற்றை.

ஒரு விசில்னா நிறுத்து.

கடவுளே, அந்த மனுஷனுக்கு நடுக்கமே இல்லை. எங்கள் பன்னிரண்டு பேரில் மிகத் தெளிவாகப் பேசியவர் அவர்தான். நாங்கள் அந்தக் கட்டத்தைப் பிடுங்கிய பிறகு பாத்ரூம் போகிறேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்திருக்கிறார். அதற்கும் நான் தண்ணீரைக் குறைக்கச் சொன்னேன். தாகத்தோடு வேறு கிடந்திருக்கிறார்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. டிபன் பாக்ஸை அப்படியே மாணிக்கவாசகம் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். "என்ன பாப்பா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்க முடியாமல் விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 17, புதன்

ஜூன் 5 அன்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

அன்று நான் கொஞ்ச நேரம் இருக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் இருந்தேன். தினகர் அவருடைய வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி இழுத்தார். ஐயாவின் இடது கை பலகைக்குப் போனது. "வேண்டாம்" என்றது பலகை. தினகர் சிரித்தார். "சார், அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. இன்னும் பத்து." மறுபடியும் இழுத்தார். மறுபடியும் "வேண்டாம்". "பலகை இடைஞ்சலா இருக்கு, கொஞ்சம் நகர்த்துங்க மேடம்" என்று என்னிடம் சொன்னார் தினகர். நான் நகர்த்தினேன். கை எட்டாத தூரத்துக்கு நானேதான் நகர்த்தினேன்.

அதற்குப் பிறகு அவர் கட்டில் சட்டத்தைத் தட்டினார். ஒரே ஒரு தட்டு. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இன்னொரு தட்டு. மறுபடி என்னைப் பார்த்தார். "பாருங்க, சார் கூடவே எண்ணுறாரு" என்றார் தினகர்.

ரசம் ஊற்றியபோது தட்டியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது என்றே நினைக்கிறேன். அதனால்தான் எழுந்து ஓடிவந்தேன், சார்ஜரைக்கூட எடுக்காமல். இரண்டு நாள் கழித்து மேடம் கேட்டபோது நடுக்கம்தான் என்று சொன்னேன். கட்டுரை அனுப்ப மூன்று வாரம்தான் இருந்தது. இருபத்திரண்டு ஆறாக வேண்டியிருந்தது.

ச்சீ. எழுதும்போதே என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜூன் 5 உட்பட. பதிவுகளைத் திரையில் காட்டினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பன்னிரண்டு பேர்ல ஒருத்தர், ஆக்னஸ். குறைபாடுகள்னு ஒரு பத்தி சேர்த்துடலாமா?"

"இன்னும் பதினோரு வீடு இருக்கு மேடம். அங்க எல்லாம் என்ன வேண்டாம்னாங்கன்னு நமக்குத் தெரியுமா? நாம கேட்டது பூராவும் பக்கத்துல இருந்தவங்களத்தான். அவங்க சொன்னதைத்தான் சரியான விடைன்னு வச்சோம்."

"அந்த அளவுகோல் நான் போட்டது" என்றார் மேடம் மெதுவாக.

"பொய் நான் சொன்னது மேடம்."

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். என் பெயரில் மட்டும் எழுதியிருந்தேன். மேடம் வாங்கிப் படித்துவிட்டுத் தன் பெயரையும் சேர்த்தார். "அனுப்பு. நானும்தான் நேர்ல போய்ப் பாக்கல."

பிறகு பன்னிரண்டு பலகையிலும் எட்டாவது கட்டத்தைத் திரும்ப வைத்தேன். இந்த முறை நடுவில், பெரிதாக. இரட்டைத் தொடுதலை ஒன்றாக்கும் வரியையும் அழித்தேன். இதுவும் நாலு நிமிட வேலைதான்.

ஜூலை 22, திங்கள்

உறையூர் போனேன். ஐயாவைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வலது கை கழுத்தில் மாட்டிய தூளியில் கிடந்தது. தினகரை நிறுத்திவிட்டார்களாம்.

செண்பகம் அம்மா டீ கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை. நின்றபடியே சொன்னேன். எண்ணிக்கை, கிழமை, பலகையை நகர்த்தியது, மேடத்திடம் சொன்ன பொய், தண்ணீரைக் குறைக்கச் சொன்னது. சுற்றி வளைக்காமல் வரிசையாகச் சொன்னேன். சொல்லும்போது அம்மாவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், பழக்கதோஷம். பாதியில் நிறுத்தி, ஐயா பக்கம் திரும்பி, முதலிலிருந்து அவரிடம் சொன்னேன்.

செண்பகம் அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ரோதனையா இருக்குன்னு உனக்குப் போன் பண்ணுனது நான்தானே கண்ணு. நாப்பது வருசம் கூடக் குடித்தனம் பண்ணுனவ. அந்தத் தட்டு எனக்குக் கேக்கலையா? அடுப்படிக்கு நல்லாவே கேட்டுச்சு. போய்ப் பாக்கப் பயமா இருந்துச்சு. பயிற்சிய நிறுத்திட்டா கை வராமப் போயிருமோன்னு."

ஐயா இடது கையை நீட்டி அவர் முதுகில் வைத்தார். நான் நிற்பதா போவதா என்று தெரியாமல் நின்றேன்.

பிறகு பலகையை அவர் கைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். "ஐயா, வேண்டாம் திரும்ப வந்துருச்சு. இனிமே யாரும் எடுக்க மாட்டாங்க. நான் ரெண்டு விஷயம் கேக்கணும். உங்ககிட்டதான் கேக்குறேன். இந்தப் பலகை உங்ககிட்டயே இருக்கட்டுமா?"

திரையைப் பார்த்தார். விரல் நிதானமாகப் போனது.

"சரி. சரி."

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவரைத்தான் நடுக்கம் என்று எழுதினேன்.

"நான் தொடர்ந்து வரலாமா ஐயா? உங்க பதிவையெல்லாம் வச்சு, இந்தத் தடவை ஒழுங்கா, நடந்ததை நடந்த மாதிரி எழுதணும்னு நினைக்கிறேன். அதுக்கு நான் இங்க வரணும். வரட்டுமா?"

இரண்டு முறை தொடுவார் என்றுதான் நினைத்தேன். கடிதம் அனுப்பிவிட்டேன், கட்டத்தைத் திரும்ப வைத்துவிட்டேன், உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் பார்க்காமல் விட்டதற்கும் சேர்த்துப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு விரல் திரையின் நடுவுக்குப் போனது.

"வேண்டாம்."

ஒரே முறை.

செண்பகம் அம்மா பதறிவிட்டார். "ஐயோ, அவரு தெரியாம அமுக்கிட்டாரு. கை பட்டிருக்கும் கண்ணு. நீ மனசுல வச்சுக்காத. எப்பவும் போல வா."

"இல்லம்மா. கை படல."

"அவரு மனசு எனக்குத் தெரியாதா?"

"அவரே சொல்லிட்டாரும்மா."

அம்மா அவரைப் பார்த்தார். அவர் கையைப் பலகையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி தொடவில்லை. ஒரு தடவை சொன்னால் போதும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

"சரிங்க ஐயா" என்றேன். அவருடைய பதிவுகள் லேபுக்கு வரும் இணைப்பை அவர் கண்ணெதிரே துண்டித்தேன். இதுவரை எங்களிடம் சேர்ந்ததை அழித்துவிடுவதாகச் சொன்னேன். செண்பகம் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவரும் பிடித்துக்கொண்டார். ஜூன் மாதம் மறந்த சார்ஜரை ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார்.

இனி இந்த வீட்டுப் பதிவு லேபுக்கு வராது. கடைசியாக வந்த இரண்டு வரியை மட்டும் இங்கே என் கையால் எழுதிவைத்துவிட்டு, மீதியை அழித்துவிட்டேன்.

மாலை 4.10. சரி. இருமுறை.

மாலை 4.12. வேண்டாம். ஒருமுறை.

பிழை என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை.